கூரையில்லாத பள்ளிக்கூடம்: போருக்குப் பின்னான ஒக்கினாவாவில் சோஜுன் மியாகி

'கராத்தே கிட்' படத்தைப் பார்க்காதவர்கள் எங்கள் தலைமுறையில் குறைவு. 1984இல் வெளிவந்த படம், எங்களிடம் வந்து சேரக் கொஞ்சம் காலம் பிடித்தது. வேலிக்குப் பெயின்ற் அடிக்கவைத்தும் கார் துடைக்கவைத்தும் ஒரு பொடியனுக்குக் கராத்தே பழக்கும் அந்தக் கிழவர் மியாகியை எல்லோருக்கும் பிடிக்கும். அந்தப் பெயர் கற்பனையில் வந்ததல்ல. கதையை எழுதிய ரொபேர்ட் மார்க் கேமன், கோஜு-ரியு என்ற கராத்தே மரபில் பயின்றவர். அந்த மரபை நிறுவிய சோஜுன் மியாகியின் பெயரையே தன் பாத்திரத்துக்கு வைத்தார்.

படத்து மியாகிக்கு அமெரிக்காவில் அழகான தோட்டத்தோடு ஒரு வீடு இருந்தது. உண்மையான மியாகிக்கும் கடைசிக் காலத்தில் ஒரு சிறிய வளவு இருந்தது. எரிந்துபோன நகரத்தின் ஓரத்தில் இருந்த அந்த வளவுதான் அவருடைய பள்ளிக்கூடம். அதற்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை.

மியாகியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 1930களிலேயே நின்றுவிடுவார்கள். மரபுக்குப் பெயர் வைத்தது, ஹவாய் போனது, பட்டம் பெற்றது எல்லாம் அந்தப் பத்து வருடங்களில்தான். எனக்கு முக்கியமாகப் படுவது 1945க்குப் பிறகு அவர் வாழ்ந்த எட்டு வருடங்கள். வீடும் போய், பிள்ளைகளும் போய், தனக்குப் பின் எல்லாவற்றையும் கொண்டுசெல்வான் என்று நம்பியிருந்த மாணவனும் போன பிறகு, ஐம்பத்தேழு வயதில் நின்ற ஒரு மனிதர் மறுபடி எதிலிருந்து தொடங்கினார்? எங்கள் ஆட்கள் பலர் இன்னும் தங்களையே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது.

ஆனாலும் அவர் எதை இழந்தார் என்று தெரிய, முன்கதை கொஞ்சம் வேண்டும்.

ஒக்கினாவா இன்று ஜப்பானின் ஒரு மாகாணம். முன்பு அது ரியுக்யு என்ற தனி இராச்சியம். தனி மொழி, தனி அரசர், சீனாவோடு நூற்றாண்டுக்கணக்கான வணிகம். 1879இல் ஜப்பான் அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் தாய்மொழியில் ஒரு சொல் பேசிவிட்ட பிள்ளையின் கழுத்தில் தண்டனைப் பலகை தொங்கவிட்ட காலமும் அங்கே இருந்தது. இராச்சியம் பறிபோய் ஒன்பது வருடங்களின் பின், 1888இல், நாஹா நகரத்தில் மியாகி பிறந்தார். வசதியான உறவுக் குடும்பம் ஒன்று அவரைத் தத்தெடுத்தது. மருந்துப் பொருட்களை இறக்குமதி செய்து விற்ற குடும்பம் அது.

பதினொரு வயதில் ரியுகோ அராகாகி என்ற ஆசிரியரிடம் தொடங்கினார். பதினான்கு வயதில் அவரைக் கன்ரியோ ஹிகாவொன்னாவிடம் சேர்த்துவிட்டார்கள். ஹிகாவொன்னா இளமையில் சீனாவின் பூஜோ நகரத்துக்குப் போய் அங்கே சண்டைக்கலை பயின்று திரும்பியவர். உடனே எதையும் பழக்கிவிடுகிற ஆள் அல்ல. வீட்டு வேலை, தண்ணீர் அள்ளுதல், கூட்டுதல் எல்லாம் முதலில் வரும், பயிற்சி பிறகுதான் வரும். (சினிமாவில் வந்த வேலிப் பெயின்ற் முழுப்பொய் இல்லை.) 1915இல் ஹிகாவொன்னா இறக்கும்வரை மியாகி அவரிடமே இருந்தார். முதுமையில் பார்த்துக்கொண்டதும் இறுதிச் செலவை ஏற்றதும் இந்த மாணவர்தான் என்று சொல்வார்கள். பிறகு தன் ஆசிரியரின் ஆசிரியர் வாழ்ந்த தடத்தைத் தேடி அவரும் பூஜோவுக்குப் போனார்.

குடும்பச் சொத்தின் பெரும்பகுதி இந்தத் தேடலிலேயே கரைந்தது. 1926இல் நாஹாவில் மற்ற ஆசிரியர்களோடு சேர்ந்து ஒரு கராத்தே ஆராய்ச்சிக் கழகம் தொடங்கினார். வெவ்வேறு மரபுக்காரர்கள் ஒரே இடத்தில் கூடிப் பழகிய அருமையான முயற்சி. காசில்லாமல் சில வருடங்களில் மூடப்பட்டது. பள்ளி ஒன்றைக் கட்டி நடத்துவது எவ்வளவு கடினம் என்பதைப் போருக்கு முன்பே அவர் கண்டிருந்தார்.

1930இல் அவருடைய முதன்மை மாணவர் ஜினான் ஷின்சாதோ தோக்கியோவில் ஒரு நிகழ்வில் தன் கலையைச் செய்துகாட்டினார். எந்தப் பள்ளி என்று கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. ஒக்கினாவாவில் அதுவரை பள்ளிகளுக்குப் பெயர் வைக்கும் வழக்கமே பெரிதாக இருக்கவில்லை; ஊர்ப்பெயரால்தான் அடையாளம். திரும்பி வந்து ஆசிரியரிடம் சொன்னார். பழைய சீன நூலொன்றில் வரும் வன்மை, மென்மை என்ற இரண்டு சொற்களை எடுத்துக் 'கோஜு' என்று மியாகி பெயரிட்டார்.

1934இல் ஹவாயிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே கரும்புத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போய்க் குடியேறிய ஒக்கினாவாக்காரர் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்காகப் பத்திரிகை நடத்திய ஒருவர்தான் அழைத்தவர். பல மாதங்கள் தங்கிப் பழக்கினார். இந்தப் புலம்பெயர் ஹவாய்க்காரர்கள் இந்தக் கதையில் பின்னால் மறுபடி வருவார்கள்.

ஒரு விசயத்தை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. 1930களின் ஜப்பான், எதையும் யுத்தத்துக்குப் பயன்படுத்தப் பார்த்த அரசு. கராத்தேயும் அதற்குத் தப்பவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் உடலை இராணுவத்துக்குத் தயாராக்கும் பயிற்சியாக அதை அதிகாரிகள் பார்த்தார்கள். மியாகி அந்த அமைப்புக்கு வெளியே நின்றவர் அல்ல. 1933இல் தன் மரபை ஜப்பானின் தேசியத் தற்காப்புக் கலைக் கழகத்தில் பதிவுசெய்தார், பின்னர் அங்கேயே ஆசிரியர் பட்டமும் பெற்றார். 1936இல் நாஹாவில் ஒரு பத்திரிகை நிறுவனம் கூட்டிய ஆசிரியர் மாநாட்டில் இருந்தார். சீனக் கை என்று பொருள்தரும்படி எழுதப்பட்டுவந்த 'கராத்தே'யை, வெறுங்கை என்று பொருள்தரும் எழுத்தால் எழுத முடிவுசெய்த கூட்டம் அது. அடுத்த வருடமே ஜப்பான் சீனாவோடு முழுப் போருக்குப் போனது. 1940இல் ஒக்கினாவா ஆளுநரின் ஏற்பாட்டில், மாணவர்களுக்கென்று இலகுவான பயிற்சித் தொடர் ஒன்றை உருவாக்கினார். அதன் பெயர் கெக்கிசாய்: தாக்கி நொறுக்குதல். அவர் காலத்தின் காற்று அந்தப் பெயரில் இருக்கிறது. இன்றும் கோஜு-ரியு வகுப்பு நடக்கும் இடங்களில் சின்னப் பிள்ளைகள் முதலில் பழகுவது அதைத்தான். எந்த வருடத்துப் பெயர் அது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

பிறகு போர் அவருடைய ஊருக்கே வந்தது.

1944 ஒக்டோபர் 10ஆம் திகதி நாள் முழுக்க அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின. நாஹாவில் பத்தில் ஒன்பது பங்கு எரிந்தது. 1945 ஏப்ரல் 1இல் அமெரிக்கப் படை பெருந்தீவில் இறங்கியது. மே முடிவில் ஜப்பானியப் படை தெற்கே பின்வாங்கியபோது மக்களும் தெற்கே போனார்கள். போகப் போக நிலம் சுருங்கியது. முன்னால் கடல், பின்னால் ஒரு படை, நடுவில் இன்னொரு படை. மக்கள் பதுங்கியிருந்த குகைகளிலிருந்து ஜப்பானியச் சிப்பாய்களே அவர்களை வெளியே துரத்தினார்கள். ஒக்கினாவா மொழி பேசியவர்களை உளவாளி என்று சொல்லிக் கொன்றார்கள். குடும்பம் குடும்பமாகத் தற்கொலை செய்யும்படி கைக்குண்டு கொடுத்தார்கள். ஜூன் 23இல் முடிந்தது என்று கணக்கு. இருநூறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஒக்கினாவா மக்களில் நான்கில் ஒருவர் இல்லாமல் போனார் என்று சொல்லப்படுகிறது.

இதை வாசிக்கும்போது உங்களுக்கு வேறொரு கடற்கரை நினைவுக்கு வந்தால், அதன் பெயரை நான் சொல்லத் தேவையில்லை.

மியாகியின் மகன் ஒருவரையும் இரண்டு மகள்மாரையும் அந்தப் போர் கொண்டுபோனது. ஷின்சாதோவும் செத்தார். பொலிஸ்காரராக இருந்தவர், நாற்பதுகளின் நடுவயது. மரபுக்குப் பெயர் வரக் காரணமானவர் மட்டுமல்ல, தனக்குப் பிறகு இவர்தான் என்று மியாகி நம்பியிருந்தவரும் அவரே. வீடு அழிந்தது. வாழ்க்கை முழுக்கச் சேர்த்த குறிப்புகளும் நூல்களும் போயின. அவர் புத்தகம் எதுவும் வெளியிட்டிருக்கவில்லை, ஒரு சில கட்டுரைகள்தான். கன்ரியோ ஹிகாவொன்னாவிடம் கற்றதும், பூஜோவில் பார்த்ததும், நாற்பது வருடங்களாகத் தானே திருத்தியதும் எல்லாம் இப்போது அவருடைய உடம்பில் மட்டும்தான் இருந்தன.

உயிர் தப்பியவர்கள் முகாம்களுக்குள் அடைக்கப்பட்டார்கள். கூடாரம், கொடுத்த சாப்பாடு, கொடுத்த உடுப்பு. வெறும் ரின்னை எடுத்து, மரக்கட்டையைச் செதுக்கி, பரசூட் நூலை நரம்பாகக் கட்டி, தங்கள் மூன்று நரம்பு வாத்தியத்தை முகாமுக்குள்ளேயே செய்து வாசித்தார்கள். இப்படி எத்தனையோ விவரங்களை ஒக்கினாவாக்காரர்கள் கவனமாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஊடகக் கற்கை படித்தவள் என்ற முறையில் எனக்குப் பொறாமையாக இருக்கும் விசயம் இது. 1995இல் மபுனி என்ற இடத்தில், போரில் செத்தவர்கள் என்று தெரிந்த அத்தனை பேரின் பெயர்களையும் கல்லில் வெட்டினார்கள். ஊர்ச்சனம், ஜப்பானியச் சிப்பாய், அமெரிக்கச் சிப்பாய், கொரியர் என்று எல்லாப் பக்கத்தவரும் அதில் இருக்கிறார்கள். இன்று அங்கே 240,000க்கு மேற்பட்ட பெயர்கள். எங்களிடம் அப்படி ஒரு முழுமையான பட்டியல் கடதாசியில்கூட இல்லை.

முகாமில் இருந்தவர்கள் ஊர் திரும்பியபோது பலருடைய காணி அமெரிக்கத் தளத்தின் கம்பிவேலிக்கு உள்ளே போயிருந்தது. நாஹாவின் நடுப்பகுதிக்குள் மக்களை விடவில்லை. முதலில் திறந்துவிட்ட இடங்களில் ஒன்று சுபோயா. பழைய குயவர் தெரு அது, எரிந்த நகரத்தில் ஓரளவு தப்பிய பகுதி. முகாமில் சனத்துக்குச் சாப்பிடக் கோப்பை இல்லை என்பதால் 1945 நவம்பரில் நூறு பேர் அளவிலான குயவர்களை மட்டும் உள்ளே விட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் அவர்களின் குடும்பம், அதற்குப் பின்னால் கடை, அதற்குப் பின்னால் சந்தை. புதிய நாஹா சட்டியும் கோப்பையும் வனைந்தவர்களைச் சுற்றித்தான் மறுபடி முளைத்தது.

மியாகி கடைசியில் குடியிருந்ததும் இந்தச் சுபோயாவில்தான். அந்த வீட்டு வளவுதான் பள்ளியானது. ஜப்பானிய மொழியில் பயிற்சிக்கூடத்தை டோஜோ என்பார்கள். இதை மாணவர்கள் 'நிவா டோஜோ' என்றார்கள். நிவா என்றால் முற்றம், தோட்டம்.

அங்கே எடுத்த படங்கள் சில இன்றும் இருக்கின்றன. அரைக்காற்சட்டையோடு, மேல்சட்டை இல்லாமல், வெறுங்காலோடு மண்ணில் நிற்கும் இளம் ஆண்கள். வெள்ளை உடுப்பு இல்லை, நிறப் பட்டி இல்லை, சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ் இல்லை. சட்டம் மாட்டச் சுவரே இல்லையே. மழை பெய்தால் வகுப்பு என்னாகும் என்பதுதான் அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்குத் தோன்றிய முதல் கேள்வி.

உபகரணம் என்று இருந்தவை எல்லாம் ஊரில் செய்யக்கூடியவை. தடியின் ஒரு முனையில் கல்லையோ கொங்கிறீற்றையோ பொருத்திய 'சீஷி'யை ஒற்றைக் கையால் சுழற்றி மணிக்கட்டையும் தோளையும் பலப்படுத்துவார்கள். நிலத்தில் நட்ட பலகையில் வைக்கோல் கயிறு சுற்றிய 'மகிவாரா' குத்திப் பழக. வாய் விளிம்பை விரல் நுனியால் மட்டும் பற்றித் தூக்கி நடக்க மண் சாடிகள். பிடி வலுக்க வலுக்க உள்ளே மணலைக் கூட்டிக்கொண்டு போவார்கள். கோஜு-ரியு பயிற்சியில் இவை முன்பிருந்தே உள்ளவைதான். ஆனால் எல்லாம் அழிந்த ஊரில் அவற்றுக்கு ஒரு நன்மை இருந்தது. வெளியிலிருந்து ஒன்றும் வரத் தேவையில்லை.

இன்னும் முக்கியமானதற்கு எந்தப் பொருளும் தேவையில்லை. அது 'சன்ச்சின்'. பார்க்க ஒன்றும் இல்லாததுபோல் இருக்கும். மூன்று அடி முன்னே, திரும்பி, மறுபடி அடி. கால்விரல்கள் நிலத்தைப் பற்ற, முழங்கால் சற்று மடிய, வயிறு இறுக, மூச்சை மெதுவாக இழுத்து, குத்தியபடி மெதுவாக விட வேண்டும். ஆசிரியர் சுற்றிவந்து தோளையும் தொடையையும் தட்டிப் பார்ப்பார், உடம்பு எங்கே தளர்கிறது என்று. ஹிகாவொன்னா மியாகிக்கு வருடக்கணக்காகப் பழக்கியது இதைத்தான். மியாகியும் அந்த வளவில் வந்தவர்களை நாள்தோறும் இதிலேயே நிற்கவைத்தார். சண்டை பிடிக்கும் வித்தையை எதிர்பார்த்து வந்தவர்கள் சலித்துப்போனதில் ஆச்சரியமில்லை. வந்த பலர் நிற்கவில்லை.

நின்றவர்களில் ஒருவர் அனிச்சி மியாகி. பெயர் ஒன்றே தவிர உறவில்லை. மியாகி அங்கே ஊர் முழுக்க உள்ள குடும்பப் பெயர். 1931இல் பிறந்தவர். போர் பெற்றோரைப் பறித்துவிட்டது, தம்பிமாரைப் பார்க்கும் பொறுப்பு அவர் தலையில். அமெரிக்கத் தளத்தில் வேலைக்குப் போய்வந்த அந்தப் பொடியன் 1948இல், பதினேழு வயதில், வளவுக்கு வந்தான். பகலில் தளத்தில் கூலி வேலை, பின்னேரம் ஆசிரியர் வீடு. சிறிது காலம் அவனைத் தவிர வேறு ஆளில்லாமல் வகுப்பு நடந்ததாக அவருடைய வழியில் வந்தவர்கள் சொல்கிறார்கள். மற்ற வழிக்காரர் அதை ஒப்புக்கொள்வதில்லை. எனக்கு அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல ஆசையில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தகப்பனும் தகப்பனைப் பறிகொடுத்த ஒரு பிள்ளையும் நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சந்தித்துக்கொண்டார்கள். அது போதும் எனக்கு. பயிற்சி முடிந்த பின் ஆசிரியர் நெடுநேரம் பேசிக்கொண்டிருப்பார் என்றும் சொல்வார்கள்: சீனத்துப் பயணம், பழைய ஆசிரியர்கள், எந்த அசைவு எதற்கு என்று. எழுதிவைத்ததெல்லாம் எரிந்துபோனவருக்கு அப்படிப் பேசுவதைத் தவிர வேறு ஏடு இருக்கவில்லை.

2009இல் நானும் முகாமில் இருந்தவள். தறப்பாள் கொட்டில்களுக்கு நடுவே ஒரு மரத்தடியில் ஒரு மாஸ்டர் கணக்குப் படிப்பித்தார். கரும்பலகை கிடையாது, நிவாரணப் பெட்டியின் மட்டையில் கரியால் எழுதுவார். சோதனை நடக்குமா, நாங்கள் வெளியே போவோமா என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் பின்னேரம் மூன்றரைக்கு வகுப்பு. அந்த நாட்களில் எனக்கிருந்த ஒரே நேரசூசி அதுதான். மியாகியின் வளவைப் பற்றி முதலில் வாசித்தபோது சன்ச்சின் எனக்குப் புரியவில்லை. அங்கே வந்த பொடியன்கள் ஏன் வந்தார்கள் என்பது நன்றாகவே புரிந்தது.

அதே 1948இல் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒக்கினாவாவில் பன்றி வளர்ப்பில்லாமல் குடும்பம் இல்லை. போரில் அவையும் அழிந்திருந்தன. ஹவாயில் குடியேறியிருந்த ஒக்கினாவாக்காரர்கள் காசு சேர்த்து, அமெரிக்காவின் போர்ட்லண்ட் துறைமுகத்திலிருந்து 550 பன்றிகளைக் கப்பலேற்றி, கூடவே தங்கள் ஆட்களையும் அனுப்பி, ஊருக்குக் கொண்டுவந்து பங்கிட்டார்கள். குட்டி போட்டுப் பெருகும் உதவி அது. மியாகி போய்வந்த அதே ஹவாய். வெளிநாட்டிலிருந்து வரும் காசைப் பற்றி எங்களுக்குள் நடக்கும் வாதங்களைக் கேட்கும்போதெல்லாம் இந்தப் பன்றிகள் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

மெல்ல மெல்ல வளவு நிரம்பியது. பழைய மாணவர்களில் உயிரோடு இருந்தவர்கள் திரும்பி வந்தார்கள். போரில் சுமாத்திராவுக்கு அனுப்பப்பட்டிருந்த செய்கிச்சி தொகுச்சி 1946இல் ஊர் திரும்பியிருந்தார். போருக்கு முன்பே நெடுங்காலம் பயின்ற மெய்த்தொகு யாகி இருந்தார். பொலிஸில் சேர்ந்திருந்த எய்ச்சி மியாசாதோ வந்தார். மியாகியின் முதல் ஆசிரியரான அராகாகியின் பேரன் ஷுய்ச்சி அராகாகியும் அங்கே மாணவராக வந்து சேர்ந்தார்.

ஜப்பானில் மியாகிக்குப் பட்டம் தந்த தேசியக் கழகத்தை 1946இல் கலைத்துவிட்டார்கள். அவருடைய பட்டத்துக்குப் பின்னால் இப்போது அமைப்பே இல்லை. அமெரிக்க நிர்வாகத்தின் கீழ் ஒக்கினாவாவில் புதிதாக உருவான பொலிஸ் அவரைப் பயிற்றுநராக அழைத்தது, மியாசாதோ உதவியாக நின்றார். வருமானம் வந்த வேலை அது. உயிரான வேலை வளவில் நடந்தது.

அவர் தன் வாழ்நாளில் யாருக்கும் கறுப்புப் பட்டித் தரம் வழங்கவில்லை. தரம் கொடுத்தால் மாணவர்கள் ஒருவரை ஒருவர் அளக்கத் தொடங்குவார்கள் என்ற எண்ணம் இருந்திருக்கலாம். மாதம் ஒரு சோதனை, சோதனைக்கு ஒரு கட்டணம், கட்டணத்துக்கு ஒரு நிறம் என்று எங்கள் நகரங்களில் நடக்கும் சில வகுப்புகளைப் பார்க்கும்போது, இந்த மரபின் மூலவர் கையெழுத்திட்ட ஒரு சான்றிதழும் இல்லை என்பது சிரிப்பையும் தருகிறது.

ஆனால் அந்த முடிவுக்கு விலையும் இருந்தது. ஷின்சாதோ போன பிறகு, தனக்குப் பின் யார் என்று எல்லோரும் ஏற்கும்படி எந்த ஏற்பாட்டையும் அவர் விட்டுப்போகவில்லை. 1953 ஒக்டோபர் 8ஆம் திகதி மியாகி இறந்தபோது அவருக்கு அறுபத்தைந்து வயது. ஒவ்வொரு மாணவரிடமும் அவரவர் உடம்புக்கு ஏற்றபடி கொடுத்த வெவ்வேறு பகுதி இருந்தது, ஒவ்வொருவரும் தன்னிடம் இருப்பதே முழுமை என்று நம்பினார்கள். யாகி ஏற்கனவே 1952இல் தனியாக ஒரு பள்ளி தொடங்கியிருந்தார். தொகுச்சி வேறு. மியாசாதோ வேறு. யாருக்கு எதை ஆசிரியர் கடைசியில் சொன்னார் என்ற வழக்கு எழுபது வருடங்களாக ஓயவில்லை. 1963இல் மியாகியின் குடும்பம் அவருடைய பயிற்சி உடுப்பையும் பட்டியையும் யாகியிடம் கொடுத்தது. அதுவும் வழக்கை முடித்துவைக்கவில்லை. பெரிய இழப்புக்குப் பின் எஞ்சியவர்கள் எஞ்சியதைப் பிரிப்பதில் இவ்வளவு வேகமாக இருப்பது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.

ஆசிரியரின் மறைவுக்குப் பின்னும் மாணவர்கள் கொஞ்சக் காலம் அதே வளவுக்கு வந்து பயின்றார்கள். மியாசாதோ முன்னின்று நடத்தினார், அனிச்சி கூட நின்றார். பிறகு 1957இல் நாஹாவின் அசாதோ பகுதியில் மியாசாதோ ஜுண்டோகான் என்ற பெயரில் ஒரு கட்டடம் எழுப்பினார். மரத்தளம் போட்டார்கள். சீஷிகளையும் சாடிகளையும் சுவரோரம் அடுக்கினார்கள். மழை நாளிலும் வகுப்பு நடந்தது.